இன்னும் இல்லை

காதல் பாட்டு என்கிறார்கள்.
கல்யாணங்களில் விரும்பிக் கேட்கிறார்கள்.
ஐஸ் ஹாக்கியில் தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்காக
பத்தாயிரம் பேர் கைகோத்துக் கத்துகிறார்கள்:
எய் வியெலா, எய் வியெலா.
இன்னும் இல்லை, இன்னும் இல்லை.

நாங்கள் காத்திருந்தது
இழுவை வண்டிக்கு.

எழுபத்தேழு, பிப்ரவரி.
கெமிக்கு வடக்கே, ரயில்வே கேட்டுக்கு நூறடி முன்னால்,
தபால் இலாகா ஏலத்தில் எடுத்த மஞ்சள் வேன்
ஒருமுறை இருமிவிட்டு நின்றது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே நான்கு பேர், பிளாஸ்கில் ஆறிய காபி,
மீன் அடைத்துச் சுட்ட ரொட்டியில் பாதி.

எங்கள் குழுவின் பெயர் உப்புக் கிடங்கு.
பனிச்சாலையில் தூவ நகராட்சி குவித்துவைத்த
உப்புக்கு நடுவில்தான் பயிற்சி.
மாதத்துக்கு ஒருமுறை
என் பேஸ் கிடாரின் கம்பிகள் துருப்பிடிக்கும்.
பெயருக்கு ஆழ்ந்த அர்த்தம் உண்டென்று
ஹெல்சிங்கிப் பத்திரிகை பிற்பாடு எழுதியது.
வாடகை இல்லை என்பதுதான் அர்த்தம்.

டிரம்ஸ்கார உர்போ முன்சீட்டில்.
ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம்
கண்ணாடியில் உறைந்துபோன எங்கள் மூச்சைச் சுரண்டி
காசளவு துளை செய்து
ஒற்றைக் கண்ணால் இருட்டைப் பார்த்து
எய் வியெலா, என்பான்.
அவ்வளவுதான் பேச்சு.
அன்றைக்கு என்றில்லை, பொதுவாகவே.

பிறகு சரக்கு ரயில் வந்தது,
காகித ஆலைக்கு மரம் ஏற்றிக்கொண்டு.
நாற்பத்து மூன்று பெட்டி, எண்ணினேன்.
கடைசிப் பெட்டியில் ஏதோ ஒரு சக்கரம் தட்டையாகியிருந்தது.
நொண்டிக்கொண்டே நெருங்கி,
நொண்டிக்கொண்டே போய்,
போன பிறகும் நெடுநேரம் கேட்டது.
உர்போ அதை முழங்காலில் தட்டிப் பிடித்துக்கொண்டான்.
விரல் மரத்திருந்ததால்
நான்காவது அடி விழவில்லை.

விழாத அந்த அடிக்கு
இசைக் கல்லூரி ஒன்றில்
முப்பது பக்க ஆய்வு இருக்கிறதாம்.

யால்மரி பாடத் தொடங்கினான்.
பல் கிட்டித்துச் சொல் திக்கியது.
பதிவிலும் அப்படியே பாடினான்.
வானொலிக்காரர்கள் ஏக்கம் என்றார்கள்.

இழுவை வண்டி விடிகாலை நாலரைக்கு வந்தது.
ஓட்டுநர் மன்னிப்புக் கேட்கவில்லை, பில் கொடுத்தார்.
அதன் பின்பக்கத்தில்தான் பாட்டை எழுதினோம்.
பில்லைக் கட்டினோமா, ஞாபகமில்லை.

இசைத்தட்டின் நடுவே, சிவப்பு லேபிளில்:
சொல்லும் மெட்டும் யால்மரி வைனிக்கா.
மூன்று நிமிஷம் பதினோரு விநாடி.
அதற்குள் அந்த இரண்டு சொல்
அறுபத்திரண்டு தடவை.
மற்ற சொற்களெல்லாம் யால்மரியுடையவைதான்.
அவை யாருக்கும் நினைவில்லை.

குழு உடைந்தது என்னால் என்று ஒரு கதை உண்டு.
மூன்று ஆண்கள், ஒரு பெண்,
எழுதுகிறவர்களுக்கு வசதி.
நடந்தது இது:
உர்போ லேபிளைப் படித்தான்,
தட்டை உறையில் போட்டான்,
மறுநாள் கிடங்குக்கு வரவில்லை.

யால்மரி படகு வாங்கினான்.
வெய்யோ கிடாரை விற்று ஸ்வீடனுக்குப் போனான்.
நான் பல் மருத்துவர் ஒருவரிடம்
இருபத்தாறு வருஷம் கணக்கெழுதினேன்.
நாற்காலிக்கு மேலே ரேடியோ.
துளைக்கும் கருவி கிட்டே வரும்போது
வாய் பிளந்த நோயாளிகள்
தொண்டையால் பாடுவார்கள்:
எய் வியெலா.

உர்போ நகராட்சி வண்டி ஓட்டினான்.
இரவெல்லாம் சாலையில் உப்புத் தூவினான்.

போன நவம்பரில் யால்மரி ஒரு பத்திரம் அனுப்பினான்.
பாட்டில் சரிபாதி உர்போவுக்கு, பழைய பாக்கியோடு.
நேரில் போக அவனுக்குக் கூச்சம்.
நான் கொண்டுபோனேன்.

உர்போ இரண்டு முறை படித்தான்.
அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தான்.
ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்திருந்துவிட்டு
கேட்டான்:
அந்தச் சக்கரத்தை
அப்புறம் மாற்றினார்களா, சிர்க்கா?

எனக்கு எப்படித் தெரியும்?

பத்திரம் அவன் மேஜையில்தான் கிடக்கிறது,
பழுப்பு வட்டத்தோடு.
வாரம் தவறாமல் யால்மரி போன் செய்கிறான்,
கையெழுத்துப் போட்டுவிட்டானா என்று.
நான் சொல்லும் பதிலுக்கு
இதுவரை எவரும் எனக்கு உரிமைத்தொகை தந்ததில்லை.